மேட்டுப் புஞ்சைக்கும் வரப்பு வேண்டும்

ஏரிப் பாசன நஞ்சை ஊருக்கு, சரளை மேடு சேரிக்கு. 1892 அரசாணைப்படி வந்த பஞ்சமி நிலத்திலும் பல இடங்களில் நம்மிடம் மிஞ்சியது இந்த மேடுதான். ஐப்பசி மழை அடித்துப் பெய்தால் மேல்மண் தண்ணீரோடு சரிவில் இறங்கி யார் ஏரிக்கோ வண்டலாகப் போகிறது.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் வரப்பு போட்டு, குறுக்கே உழுது, தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினால் மண்ணும் நிற்கும், நீரும் நிற்கும்.

பட்டியல் சாதியினரின் சொந்த நிலத்தில் இப்பணிகளைச் செய்ய 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமே இடம் தந்தது. நாமோ ஊர்க் குளத்தைத்தான் தூர்வாரினோம். வேலைத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், கிராம சபையில் நம் புல எண்களைச் சொல்லிக் கேட்போம். தீர்மானத்தில் ஏறும்வரை எழுந்திருக்க வேண்டாம்.