எடை மட்டும் போதாது, இடுப்பையும் அளப்போம்

உழைத்து மெலிந்த உடலுக்கு நீரிழிவு வாராது என்று கருவேப்பிலங்குறிச்சியில் நம்மில் பலர் எண்ணுகிறோம். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு, லான்செட் இதழில் எழுதினர். உயரத்திற்கேற்ற எடையைக் கூறும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

எடைக்கருவி காட்டாத இக்கொழுப்பு நம்மவர்க்குப் பெரும்பாலும் வயிற்றில் சேர்ந்து, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகோலுகிறது. ஆகவே, தையல் நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே இறுக்காமல் சுற்றி, இயல்பாக மூச்சு விட்டபின் அளப்போம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால், மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்வோம். கருவுற்ற தாய்மார்க்கு இவ்வளவுகோல் பொருந்தாது.