உப்புக் காற்றும் லொறியின் புகைக் குழாயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பூநகரியிலும் கமஞ் செய்வோர் எவரும் கடலுக்குத் தொலைவில் இருப்பவரல்லர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் தோட்டங்களைக் கடந்து கொட்டிலுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. மண்வெட்டியில் ஏறிய கறளைக் கமக்காரர் உடனே கண்டு தேய்த்து எண்ணெய் பூசிவிடுவர். லொறியிலும் உழவு இயந்திரத்திலும் கண்ணில் படாத ஓரிடத்தில் ஏறும் கறளே அறுவடைக் காலத்தில் வேலையை நிறுத்திவிடுகின்றது.

அவ்விடம் எஞ்சினின் பக்கத்தில் உள்ளது. உருளைகளிலிருந்து வரும் சூடான புகையைத் திரட்டிப் புகைபோக்கிக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயை, கராஜ்களில் மனிபோல்ட் என்பர். இதனை எஞ்சினோடு பிணைப்பவை ஸ்டட் எனப்படும் மரையாணிகளும் அவற்றின் சுரைகளுமாகும். சுமையோடு ஓடும்போது இப்பகுதி பல நூறு பாகை வெப்பமடைகின்றது. நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகின்றது. உருளைத் தலை அலுமினியமாயின் அது வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். இவ்விழுபறி முழுவதையும் ஆணிகளே தாங்குகின்றன. கறள் அரித்து மெலிந்த ஆணி ஒருநாள் அறுந்துபோவதில் வியப்பில்லை. பெரும்பாலும் இரு கோடிகளிலுமுள்ள ஆணிகளே முதலில் அறும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் ‘டிக், டிக்’ என்னும் ஒலி கேட்டுச் சூடேறியபின் அது குறைந்தால், புகை ஒழுகுகின்றதென ஐயுறுதல் வேண்டும். இரும்பு விரிந்து வெடிப்பை மூடுவதாலேயே ஒலி குறைகின்றது. பழுது தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பொருத்தின் ஓரத்தில் கரும்புகைப் படிவும் காணப்படும். வெங்காய மூடைகளோடு இரவில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு தம்புள்ளைக்குச் செல்லும் சாரதிக்கு இது உயிராபத்தாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒழுகும் வெம்புகை, அருகே படிந்த வைக்கோற் சருகைப் பற்றவைக்கவும் கூடும்.

சேற்றுழவு முடிந்ததும், பசளை ஏற்றிய பின்னரும் இயந்திரத்தைக் கழுவுதல் நன்று. அமோனியம் சல்பேற்றும் மியூரியேற்று ஒப் பொட்டாசும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விரைந்து அரிப்பன. ஆயினும் உவர்க் கிணற்று நீரால் கழுவுவது கழுவாதிருப்பதிலும் கேடானது. சூடான வார்ப்பிரும்பில் நீரூற்றினால் அது வெடிக்கும். நன்கு ஆறவிட்டு நன்னீரையே பயன்படுத்துக. சாதாரண வர்ணமும் கிறீசும் இவ்விடத்தில் கருகிவிடும். துத்தநாகப் பூச்சும் நம்பத்தக்கதன்று. அவ்வுலோகம் 419 பாகை செல்சியசில் உருகுவது.

சுரைகள் இறுகி, ஒழுக்கு இல்லாதிருப்பின் அவற்றைச் சோதிப்பதற்காகக் கழற்றும் ஆர்வம் வேண்டாம். அவ்வாறு தொட்டு முறித்தவர் பலர். வேறு பழுதுக்காகக் கிளைக்குழாயைக் கழற்ற நேர்ந்தால் அச்சந்தர்ப்பத்தை விட்டுவிடாது, பழைய ஆணிகள், சுரைகள், காஸ்கெட் யாவற்றையும் மாற்றுதல் வேண்டும். பித்தளைச் சுரை அல்லது செம்பு பூசிய சுரை ஆணியோடு எளிதில் இறுகிப்போகாது.

கழற்றுவதற்கு முதல்நாள் மாலையிலேயே குளிர்ந்த சுரைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, கறள் இளக்கும் எண்ணெயை விடுக. மறுநாள் மீண்டும் விட்டு, ஸ்பனரைச் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்தல் வேண்டும். நீண்ட குழாயைச் செருகி ஒரேயடியாக இழுப்பது தவறு. இளகாவிடின் வேலையை நிறுத்திச் சுரையைச் சூடாக்கத்தக்க கராஜுக்குக் கொண்டுசெல்வதே சிக்கனம். முறிந்த ஆணியைத் துளைத்தெடுக்க உருளைத் தலையையே இறக்க நேரிடலாம்.

புதிய ஆணிகளின் மரையில் கடும் வெப்பந் தாங்கும் நிக்கற் பசையை மெல்லப் பூசுக. பசையிட்ட மரை வழுக்குவதாகையால், உலர்ந்த மரைக்குக் கைநூலில் குறித்த விசையிலும் சற்றுக் குறைத்தே இறுக்குதல் வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறிப் படிப்படியாக இறுக்குவர். சில நாள் ஓடியபின் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்கவேண்டும்.

உழவு இயந்திரத்தின் நிமிர்ந்த புகைபோக்கி வழியாக மழைநீர் உட்செல்வதையும் தடுத்தல் வேண்டும். வாடை மழைக்கு அதன்மேல் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்தாற் போதும். முடுக்குமுன் அதனை எடுத்துவிடுக.