குடிநீர் அறிக்கையில் எதைப் பார்ப்பது?

தாமிரபரணி ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல ஊர்களுக்கு நீர் தருகின்றன. அந்த நீரின் ஆய்வறிக்கையில் பலரும் முதலில் தேடுவது டிடிஎஸ். அது கரைந்த உப்புகளின் அளவு. பெரும்பாலும் சுவையைத்தான் சொல்லும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 (2012) லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை அனுமதிக்கிறது.

நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, 45தான் எல்லை. ஏன்? மிகுந்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் திணறும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

நான் முதலில் பார்ப்பது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வரியை. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்த கேள்வி, மாதிரியை எங்கே எடுத்தார்கள்? கிருமிகளைக் கொல்லத் தொட்டியில் கலந்த குளோரின் குழாயில் போகப்போகக் குறையும். கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். தொட்டியடி மாதிரியை மட்டும் காட்டினால், தெருக்கோடிக் குழாயின் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.