சாணமும் எரிபொருள்தான்: கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு



பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது: "மேடம், சாண எரிவாயுக் கலன் கட்ட குழுக் கடன் எடுக்கலாமா? போட்ட காசு திரும்புமா?" தீர்மானம் எழுதும் முன் விவரம் தெரிந்துகொள்வோம்.

பயிர், சக்கை, சாணம் இவற்றிலிருந்து கிடைப்பதே உயிரி எரிபொருள். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை நம் நாடு 2025-ல் எட்டியது.

ஆனால் எல்லாத் திட்டமும் பலிப்பதில்லை. 2000-க்குப் பிறகு காட்டாமணக்கிலிருந்து டீசல் என்று பெரிதாகப் பேசினார்கள். தமிழ்நாட்டிலும் பல விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் இல்லாத தரிசில் எதிர்பார்த்த காய்ப்பு இல்லை. விதையை வாங்கவும் ஆள் இல்லை. அதன் விதை விஷம் என்பதால் மாட்டுக்கும் போட முடியாது. டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்று 2009-ல் வைத்த இலக்கும் நிறைவேறவில்லை.

சாண எரிவாயு அப்படியல்ல. பொருளும் நம் வீட்டில், பயனும் நம் வீட்டில். சாணத்தையும் அதே அளவு தண்ணீரையும் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் விட்டால், நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்து மீத்தேன் வாயுவைத் தருகின்றன. வெளியே வரும் கரைசல் நல்ல எரு.

இப்போது கணக்கு:

* 1 கன மீட்டர் கலனுக்கு தினமும் 25 கிலோ சாணம் வேண்டும்.
* ஒரு மாடு சுமார் 10 கிலோ போடும். ஆக 2, 3 மாடு தேவை. மேய்ச்சலில் விழுவது கணக்கில் வராது.
* முழு வாயு வந்தால் மாதம் சுமார் 13 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

மிச்சமாகும் சிலிண்டர் பணம் மாதத் தவணைக்குக் காணுமா என்று நோட்டில் போட்டுப் பாருங்கள். விறகு எரிப்பவர்களுக்குப் பணம் அவ்வளவு மிஞ்சாது. புகையும் சுமையும் குறையும்.

தறி ஓட்டி, தார் சுற்றிப் பிழைக்கும் வீட்டில் மாடு இல்லையென்றால் இந்தக் கடன் வேண்டாம். சாணத்தை விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது.

சோப்புத் தண்ணீர், பினாயில் கலனில் விழக்கூடாது; நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

மானியம் உண்டா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கையெழுத்துப் போடாதீர்கள். கடன் நம் பெயரில். கணக்கும் நம் கையில் இருக்கட்டும்!