மலபார் காணாத 'மல்பார்'கள்: ரீயூனியனிலும் குவாடலூப்பிலும் நம்மவர்

(பாலக்காடு நமது நிருபர்)

பழனி வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டு சில மாதங்களுக்கு முன் ஒருவர் பாலக்காடு ஜங்ஷனில் என் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றார். மாநிறம், நெற்றியில் விபூதி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி என்றுதான் எவருக்கும் தோன்றும். தமிழில் பதில் சொன்னேன். விழித்தார். மலையாளத்தில் சொன்னேன். அதற்கும் விழித்தார். பிறகு உடைந்த ஆங்கிலத்தில், "நான் மல்பார்" என்றார். பழைய மலபார் ஜில்லாவிலேயே உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து மலபார் என்கிறாரே என்று எனக்குத் திகைப்பு. அவர் நீட்டிய பாஸ்போர்ட் பிரான்சு நாட்டுடையது. பிறந்த இடம் ரீயூனியன் தீவு. பெயரில் முன்பாதி கிறிஸ்தவம், பின்பாதி முருகன்.

வண்டிக்கு நேரம் இருந்தது. எனக்கும் டியூட்டி முடியும் வேளை. டீக்கடையில் தொடங்கிய பேச்சு என்னைப் பல நாள் படிக்க வைத்துவிட்டது.

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்து மகாசமுத்திரத்தில் உள்ள எரிமலைத் தீவு. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம்மவர் குடியேறிய இன்னொரு பிரெஞ்சுத் தீவு குவாடலூப். அது பூமியின் மறுபக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கிறது. பரப்பு சுமார் 1,600 சதுர கிலோமீட்டர்; ஜனங்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. இரண்டிலும் ஒரே கொடி, ஒரே சட்டம், ஒரே யூரோ நாணயம். 1946-ல் இரண்டும் காலனி என்ற நிலை நீங்கி, பிரான்சின் மாவட்டங்களாகவே ஆக்கப்பட்டன. ஆனால் அங்கே போன தமிழனின் கதை இரு தீவிலும் இரு விதமாக முடிந்திருக்கிறது.

கரும்புக்குப் போன கப்பல்கள்

1848-ல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கரும்புத் தோட்டத்தில் பழைய முதலாளியிடமே குனிந்து நிற்க மறுத்தார்கள். முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஐந்து வருஷ ஒப்பந்தம், கூலி, சாப்பாடு, முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பக் கப்பல் என்றார்கள். ரீயூனியனுக்கு 1828-லேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு கூட்டம் போயிருந்தது. 1848-க்குப் பிறகு அது வெள்ளமாயிற்று. மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் போனதாகக் கணக்கு. குவாடலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பர் 24-ந் தேதி சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக்குள் 42,000 பேருக்கு மேல் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே மாண்டார்கள்.

கங்காணி வார்த்தையை நம்பி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் நெல்லியாம்பதியிலும் இதைப் படிக்கும்போது அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் கால்நடையாகவாவது போடிக்கும் தேவாரத்துக்கும் இறங்க முடிந்தது. அவர்களுக்கு நடுவில் கடல்.

கடலிலும் வித்தியாசம் உண்டு. ரீயூனியன் ஒரு மாதப் பயணம். பக்கத்திலேயே தமிழர் நிறைந்த மொரீஷியஸ். குவாடலூப்புக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மூன்று மாதம். கப்பல் நின்ற பிறகு ஊரிலிருந்து ஒரு பூசாரியோ ஒரு பஞ்சாங்கமோ போய்ச் சேர வழியில்லை. என் புத்திக்கு எட்டியவரை, இரு தீவுகளின் இன்றைய நிலைக்கு இந்தத் தூரமும் தலைக்கணக்குமே பெரிய காரணம். பிரான்சு தன் மக்களை இன வாரியாக எண்ணுவதில்லை. ஆனாலும் ரீயூனியனில் நாலில் ஒருவரும், குவாடலூப்பில் ஏறக்குறைய பத்தில் ஒருவரும் இந்திய வம்சம் என்பது பொதுவான மதிப்பீடு.

ரீயூனியனில் இன்று கோபுரத்தோடு கோயில்கள் நிற்கின்றன. தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். பாண்டியாளி என்று அவர்கள் சொல்லும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வில் தமிழையும் ஒரு பாடமாக எழுத இடமுண்டு. ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் நாக்கில் தங்கியிருப்பது சமையலறை வார்த்தைகளாகத்தான். கறிவேப்பிலை அவர்களுக்குக் 'கலுப்பிலே', முருங்கைக்கீரை 'மூரூம்'. மல்பார் என்ற பெயரும் இப்படி வந்ததே. தென்னிந்தியர் எல்லோரையும் மலபார்க்காரர் என்று அழைப்பது பழைய ஐரோப்பியப் பழக்கம். மலபாரைக் கண்ணால் காணாத தஞ்சாவூர், தென்னாற்காட்டு மக்களுக்கு அதுவே ஜாதிப் பெயர்போல் ஆகிவிட்டது.

குவாடலூப்பில் மாரியம்மன் 'மாலியேமின்' ஆகியிருக்கிறாள். கப்பஸ்தேர் என்ற ஊரில் பெரிய கோயில் இருக்கிறது. பெரும்பாலோர் கத்தோலிக்கர், கிடா வெட்டும் பூஜைக்கும் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் போவார்கள். நம் குழம்புக்கு அங்கே 'கொலம்போ' என்று பெயர். தீவு முழுவதற்கும் அதுதான் விருந்துச் சாப்பாடு. பண்டிகை நாளில் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள் உடுத்தும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மதராஸ்'. மொழி போயிற்று, ருசியும் துணியும் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டன.

சிதம்பரத்தின் வழக்கு

ஆனால் உரிமைக்காக நின்று போராடியதில் குவாடலூப்தான் நினைவில் நிற்கிறது. அங்கே பிறந்த இந்தியக் குழந்தைகள் பிரெஞ்சுப் பிரஜைகளா, பிரிட்டிஷ் பிரஜைகளா? அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904-ல் கிளம்பியவர், கப்பஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் (1863-1952). கவர்னர் தரப்பு மறுத்தது. மனிதர் விடவில்லை. பத்தொன்பது ஆண்டு இழுத்து, 1923-ல் பிரெஞ்சு சர்க்கார் இறங்கி வந்தது. இலங்கை மலையகத் தமிழர் 1948-ல் குடியுரிமை இழந்து பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வெற்றியின் அளவு புரியும். பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி குவாடலூப்பிலிருந்தும், ழான்-போல் வீரப்பிள்ளை ரீயூனியனிலிருந்தும் பாரீஸ் பாராளுமன்றத்துக்குப் போனார்கள்.

சம்பளம்? பிரான்சின் குறைந்தபட்சக் கூலி 1996 முதல் அப்படியே இரு தீவுக்கும் பொருந்தும். இன்று கைக்கு வருவது மாதம் 1,400 யூரோவுக்கு மேல். நம் பணத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அரசு ஊழியருக்குத் தீவுப்படியாக குவாடலூப்பில் 40 சதவீதம், ரீயூனியனில் 53 சதவீதம் கூடுதல். (இந்த வரியை எங்கள் ஆபீசில் வாசித்தபோது எழுந்த பெருமூச்சை அச்சில் தர இயலாது.) ஆனால் அரிசி முதல் சோப்பு வரை கப்பலில் வரவேண்டும், உணவுப் பொருள் விலை பிரான்சைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். வேலையில்லாதோர் விகிதமும் அங்கே உள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேல். 2009-ல் இந்த விலைவாசியை எதிர்த்து குவாடலூப் 44 நாள் அடைத்துக் கிடந்தது. 2015-ல் 232 ரூபாய் தினக்கூலியும் குறைந்த போனசும் வேண்டாம் என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்த நம் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

குவாடலூப்பின் இன்னொரு துயரம் வாழைத் தோட்டத்தில் இருக்கிறது. குளோர்டிகோன் என்ற பூச்சிமருந்தை 1972 முதல் 1993 வரை தெளித்தார்கள். 1990-ல் பிரான்சில் தடை செய்த பிறகும் தீவில் மூன்று வருஷம் அனுமதி. இன்று அங்குள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த விஷம் ரத்தத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சம்பளம் வாங்கும் இடத்திலும் தோட்டத் தொழிலாளியின் உடம்புக்கு விலை வேறுதான். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறவர்கள் மூக்கில் கட்டும் துணியையாவது மறக்க வேண்டாம்.

ரயில்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரீயூனியனில் 1882-ல் 126 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். கார்கள் பெருகின, பாதை மூடப்பட்டது. இன்று இரு தீவிலும் பயணிகள் ரயில் கிடையாது. மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது. அங்கே வெள்ளமும் தேவைப்படவில்லை.

பழனிக்குப் போக வந்தவர் கடைசியாகக் கேட்ட கேள்வி, மூணாற்றுத் தோட்டங்களில் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்களா என்பது. தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் முடிந்தவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்றேன். தான் ஐம்பது வயதுக்கு மேல் அ, ஆ எழுதப் பழகுவதாகச் சொல்லி, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். 'ழ' மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தார். அதற்குள் வண்டிக்கு மணி அடித்துவிட்டது.