பர்கர் கடை 'சாக்லேட் ஃப்ராஸ்டி' வீட்டிலேயே செய்யலாமா? மிக்ஸி இருந்தா போதும்.. ஆனா இந்த 4 தப்பை பண்ணாதீங்க!

ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா சீக்கிரம் மேலே ஏறாது. ஸ்பூனால் எடுத்தா ஐஸ்க்ரீம் மாதிரி உருண்டையாவும் நிக்காது. மில்க் ஷேக்குக்கும் ஐஸ்க்ரீமுக்கும் நடுவில், மெத்துமெத்துன்னு இருக்கும் அந்த சாக்லேட் கப்தான் 'ஃப்ராஸ்டி'. ரீல்ஸ்ல பார்த்துட்டு, "இதை வீட்ல செஞ்சு தாங்க"ன்னு குழந்தைகள் கேட்காத வீடு குறைவு.

பாலில் கோகோ பவுடர் கலந்து ஃப்ரீசரில் வெச்சா கிடைச்சிடுமா? வெச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், காலையில் கத்தி வெச்சு உடைக்கிற மாதிரி ஒரு கட்டிதான் கிடைக்கும். கடையில் மட்டும் எப்படி மெத்துன்னு வருது? மெஷின் இல்லாம வீட்டில் எப்படிக் கொண்டு வர்றது? இந்த தொகுப்பில் பார்ப்போம்.

ஃப்ராஸ்டி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில், 1969 நவம்பர் 15-ம் தேதி டேவ் தாமஸ் என்பவர் 'வெண்டீஸ்' என்ற பர்கர் கடையைத் தொடங்கினார். முதல் நாள் மெனுவில் பர்கர், சில்லி, ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், கூல்டிரிங்க்ஸ், ஃப்ராஸ்டி என ஐந்தே ஐந்து ஐட்டங்கள்தான்.

ஃப்ராஸ்டியில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. அது முழு சாக்லேட் கிடையாது. சாக்லேட்டும் வெனிலாவும் கலந்தது. முழு சாக்லேட் சுவையா இருந்தா அது பர்கரின் சுவையை அமுக்கிவிடும் என்று தாமஸ் நினைத்ததுதான் காரணம். அதனாலதான் அதன் நிறமும் அடர் பழுப்பா இல்லாம, பால் அதிகம் விட்ட காபி மாதிரி இருக்கும். பல ஆண்டுகள் அந்த ஒரே சுவைதான். தனி வெனிலா ஃப்ராஸ்டி வந்தது 2006-ல்தான். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை இதில் முக்கிச் சாப்பிடும் பழக்கமும் அங்கே ரொம்ப பிரபலம்.

வீட்டில் செய்யும்போது பலர் சறுக்கும் முதல் இடமும் இதுதான். "சாக்லேட்தானே" என்று கோகோவை அள்ளிப் போட்டா கசப்பு தூக்கிடும். ஃப்ராஸ்டிக்கு கோகோ கம்மியாத்தான் இருக்கணும்.

கடையில் மெத்துன்னு.. வீட்டில் கல்லு மாதிரி.. ஏன்?

விஷயம் ஐஸ் துகள்களின் அளவில் இருக்கிறது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். அது மெதுவா, அசையாம உறையும்போது ஐஸ் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருசாகும. ஒரு துகள் சுமார் 50 மைக்ரானைத் தாண்டினா நாக்கில் 'நறநற'ன்னு தெரிய ஆரம்பிக்கும். 50 மைக்ரான் என்பது நம்ம தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. அதையே நாக்கு கண்டுபிடிச்சிடும்.

கடையில் இருக்கும் மெஷினில் கலவை, குளிர்ந்த உலோக உருளையின் சுவரில் மெல்லிய படலமா உறையும். உறைந்த உடனே உள்ளே சுற்றும் பிளேடு அதைச் சுரண்டி எடுத்துவிடும். துகள் பெருசாக நேரமே கிடைக்காது. கலக்கும்போது காற்றும் உள்ளே போவதால் மென்மை கூடும்.

அடுத்தது வெப்பநிலை. நம்ம வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஃப்ராஸ்டி பரிமாறப்படுவதோ மைனஸ் 6 முதல் மைனஸ் 7 டிகிரியில். அந்த நிலையில் கலவையில் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி உறையாமலே இருக்கும். அதனாலதான் ஸ்பூன் சுலபமா இறங்குது.

ஆக, நாம செய்ய வேண்டியது இரண்டே வேலை. துகளைச் சின்னதாக்கணும். பரிமாறும்போது அதிகமா உறையாம பார்த்துக்கணும். இந்த இரண்டையும் நம்ம மிக்ஸியே செய்து கொடுக்கும்!

என்னென்ன தேவை?

சுமார் 6 சின்ன கப் அளவுக்கு:

* ஃபுல் க்ரீம் பால் - 500 மி.லி. (ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போல 6% கொழுப்பு உள்ளது)
* இனிப்புள்ள கண்டென்ஸ்டு மில்க் - 200 கிராம்
* ஃப்ரெஷ் க்ரீம் - 200 மி.லி.
* இனிப்பில்லாத கோகோ பவுடர் - 2 டேபிள்ஸ்பூன் (தலை தட்டி)
* பால் பவுடர் - 3 டேபிள்ஸ்பூன்
* சோள மாவு (கார்ன் ஃப்ளார்) - 1 டீஸ்பூன்
* வெனிலா எசென்ஸ் - 1 டீஸ்பூன்
* உப்பு - ஒரு சிட்டிகை

டிரிங்கிங் சாக்லேட் பவுடரை கோகோவுக்குப் பதிலா போடாதீங்க. அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், இனிப்பு திகட்டிடும்.

சோள மாவும் பால் பவுடரும் எதுக்கு? கலவையில் இருக்கும் தண்ணீரை இவை ஓரளவு பிடித்து வைக்கும். அதனால் பெரிய ஐஸ் துகள்கள் உருவாவது குறையும். ஆனா பால் பவுடரைக் கூடுதலா போட்டா வாயில் மணல் மாதிரி இருக்கும். அளவு முக்கியம்.

செய்முறை: மிக்ஸி வழி

1. அரை டம்ளர் ஆறின பாலில் கோகோவைச் சலித்துப் போட்டு, சோள மாவையும் பால் பவுடரையும் சேர்த்து கட்டியில்லாமல் கரைத்துக் கொள்ளவும்.

2. மீதிப் பாலைக் காய்ச்சி, கொதி வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து இந்தக் கரைசலை ஊற்றவும். 3, 4 நிமிடம் கைவிடாமல் கிளறவும். கரண்டியின் பின்பக்கம் மெல்லிசா ஒட்டினா போதும். கஞ்சி மாதிரி இறுகக் கூடாது.

3. அடுப்பை அணைத்து, கண்டென்ஸ்டு மில்க், உப்பு சேர்த்துக் கலக்கவும். பாத்திரத்தைத் தண்ணீர் உள்ள அகலத் தட்டில் வைத்தால் சீக்கிரம் ஆறும்.

4. ஆறியதும் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) குறைந்தது 4 மணி நேரம் வைக்கவும். பிறகு குளிர்ந்த க்ரீம், வெனிலா எசென்ஸ் சேர்த்து மெதுவாகக் கலக்கவும்.

5. இந்தக் கலவையை ஐஸ் க்யூப் டிரேயில் ஊற்றி 6 முதல் 8 மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கவும். டப்பாவில் மொத்தமா உறைய வைக்காதீங்க. சின்னச் சின்ன கட்டியா இருந்தா சீக்கிரம் உறையும். மிக்ஸிக்கும் சிரமம் இருக்காது.

6. சாப்பிடுவதற்குச் சற்று முன், கட்டிகளை எடுத்து 5 நிமிடம் வெளியே வைக்கவும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்வித்த மிக்ஸி ஜாரில் பாதி அளவுக்கு மட்டும் போட்டு, 2 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால் விட்டு, விட்டு விட்டு ஓட்டவும். நடுவில் ஒருமுறை நிறுத்தி, ஸ்பூனால் ஓரத்தைத் தள்ளி விடவும். கலவை வழுவழுன்னு ஆன உடனே நிறுத்திடுங்க.

அவ்ளோதான். உடனே கப்பில் போட்டு ஸ்பூனோடு கொடுங்க. மிக்ஸி பிளேடு ஐஸ் துகளை உடைத்துவிடும். அரைபடும் சூடும், சேர்த்த பாலும் கட்டிகளின் குளிரைக் குறைத்து, அந்த 'மெத்து' பதத்துக்குக் கொண்டு வந்துவிடும். மெஷின் செய்யும் வேலையை இங்கே மிக்ஸி கடைசியில் செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃப்ரீசர் இல்லையா? ஐஸும் கல் உப்பும் போதும்

மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில், மேலே சொன்ன குளிர்ந்த கலவையைப் பாதி அளவு ஊற்றவும். பெரிய வாளி அல்லது அண்டாவில் 3 பங்கு உடைத்த ஐஸ், 1 பங்கு கல் உப்பு போட்டு, நடுவில் தூக்கை வைக்கவும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்கவும். பொறுமையா செய்தா அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பதம் வந்துவிடும்.

உப்பு போட்டா ஏன் இவ்ளோ குளிருது? உப்புத் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது. அதனால் ஐஸ் கரையத் தொடங்கும். கரைவதற்குத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருக்கும் பொருளிடமிருந்து, அதாவது நம்ம தூக்கிடமிருந்து இழுத்துக்கொள்ளும். ஐஸ்-உப்புக் கலவை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். வெறும் கையால் அளையாதீங்க, தோல் பாதிக்கப்படலாம். உப்புத் தண்ணீர் தூக்குக்குள் போய்விடாமலும் பார்த்துக்கோங்க.

இந்த 4 தப்பை பண்ணாதீங்க!

1. சூடான கலவையை ஃப்ரீசரில் வைப்பது. உறைய அதிக நேரம் எடுக்கும், ஐஸ் துகள் பெருசாகும். பக்கத்தில் இருக்கும் பொருட்களும் சூடாகும்.

2. மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டுவது. கலவை உருகித் தண்ணியாகிடும். க்ரீமைத் தனியா மிக்ஸியில் அடித்தா இன்னொரு சிக்கல், கொழுப்பு பிரிந்து வெண்ணெய் திரண்டு விடும்.

3. உருகினதைத் திரும்ப உறைய வைப்பது. இதுதான் ரொம்ப முக்கியம். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறாங்க. அது தவறு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஃப்ரீசரில் தூங்கும், சாகாது. உருகியதும் மறுபடி பெருக ஆரம்பிக்கும். பால் பொருட்களை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் 1 மணி நேரம்தான் கணக்கு. கரண்ட் கட்டாகி ரொம்ப நேரம் உருகிக் கிடந்ததுன்னா, யோசிக்காம கொட்டிடுங்க. செலவு பண்ணது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தா அதைவிடக் கஷ்டம்.

4. புகை வரணும்னு டிரை ஐஸ், திரவ நைட்ரஜன் சேர்ப்பது. வீடியோவில் பார்க்க அழகா இருக்கும். ஆனா டிரை ஐஸ் என்பது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் திட கார்பன் டை ஆக்சைடு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. வாயில் பட்டாலோ விழுங்கினாலோ உள்ளே புண்ணாக்கிவிடும். 2024 மார்ச்சில் ஹரியானாவின் குருகிராமில், ஓர் உணவகத்தில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுக்கப்பட்ட டிரை ஐஸை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வீட்டுச் சமையலறைக்கு இது வேண்டவே வேண்டாம்.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், ஆனா ஒரு எல்லை வரைக்கும்தான். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கலவை கல்லாக உறையாமல் தடுப்பதும் அதுதான். கண்டென்ஸ்டு மில்க்கை 150 கிராம் வரை குறைத்தாலும் மிக்ஸி வழியில் சமாளிச்சிடலாம். அதுக்கும் கீழே போனா கட்டிகள் இன்னும் இறுகும், சுவையும் சப்புன்னு ஆகும்.

மேலே சொன்ன அளவில், ஒரு கப்பில் சுமார் 15 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்கும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு கப்பிலேயே பாதிக்கு மேல் போயிடுது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போட்டா பரவாயில்லையா என்றால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுகர் இருக்கிறவங்க ரெண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கிறது நல்லது.

கடையில் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் கடைகளில் ஃப்ரீசரில் இருக்கும் எல்லா கப்பும் ஐஸ்க்ரீம் கிடையாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, 'ஐஸ்க்ரீம்' என்று எழுத வேண்டும் என்றால் குறைந்தது 10% பால் கொழுப்பு இருக்கணும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் கொழுப்பு சேர்த்தால் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. இந்த வித்தியாசத்தை வைத்து அமுல் வெளியிட்ட விளம்பரத்தை எதிர்த்து, ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2017-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

ஃப்ரோசன் டெசர்ட் சட்டப்படி விற்கப்படும் பொருள்தான். சாப்பிடவே கூடாது என்று அர்த்தம் இல்லை. ஆனா பால் ஐஸ்க்ரீம் என்று நினைத்து குழந்தைக்கு வாங்கித் தரும்போது, கவரில் அந்தச் சின்ன எழுத்தை ஒருமுறை படிச்சுப் பாருங்க.

நாம வீட்டில் செய்த கலவையில் பால், க்ரீம், கண்டென்ஸ்டு மில்க் மூன்றும் சேர்ந்து கொழுப்பு கிட்டத்தட்ட 10% வந்துவிடும். உள்ளே என்ன போட்டோம் என்பதும் நமக்கே தெரியும். க்யூப்களை ஜிப் கவரில் போட்டு வைத்தால், ஒரு வாரத்துக்குள் தேவைப்படும்போது நாலைந்து எடுத்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கலாம். ராத்திரி டிரேயில் ஊற்றி வெச்சீங்கன்னா, நாளைக்குச் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது ரெடி!