கோப்பையும் காலமும் – 14: இரண்டு வெள்ளை வளையங்கள்

பீங்கானின் அடியில் இருக்கும் முத்திரைகளைப் படிப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானைப் பற்றிப் போன வாரம் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். முத்திரைக்குப் போகுமுன் ஒரு சின்னப் பொருள் வழியில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பழைய வெள்ளி டீபாட்டைக் கையில் எடுத்தால், அதன் பிடி உடலோடு சேரும் மேலிடத்திலும் கீழிடத்திலும் ஒவ்வொரு வெள்ளை வளையம் தெரியும். அலங்காரம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பழைய டீ செட்டைத் தேர்ந்தெடுக்க, அடியில் குத்திய முத்திரையையும் வயிற்றில் செதுக்கிய வேலைப்பாட்டையும்விட, அந்த வளையங்கள் இருக்கும் இடமே நம்பகமான சாட்சி என்பது என் வாதம்.

வெள்ளியைவிட விரைவாகச் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. கொதிக்கும் தேநீரை ஊற்றினால் உடலோடு பிடியும் சுடத் தொடங்கிவிடும். அதனால் பிடியை இரண்டு இடங்களில் துண்டித்து, நடுவே சூடு கடத்தாத தந்தத்தையோ எலும்பையோ வைத்து, குறுக்கே மெல்லிய ஆணி செருகி இறுக்கினார்கள். இதே சிக்கலை நம் வீட்டு டம்ளர் வேறு வழியில் தீர்த்தது. அதன் வாய் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டார்கள். காப்பி விளிம்புவரை நிரம்பாது. விரல் அங்கே தங்கும். மிச்சச் சூட்டை டவராவில் ஆற்றிக்கொள்ளலாம். அடுப்பங்கரையின் அனுபவம் பொருளின் வடிவத்துக்குள் புகுந்திருப்பதை இரண்டிலும் பார்க்கலாம். வளையத்தைப் பொருத்துவது சுலபமான வேலை அல்ல. தந்தத்தின் அருகே நெருப்பைக் கொண்டுபோனால் கருகிவிடும். ஆகவே பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகே, அளவு பிசகாமல் வளையத்தைச் செருக வேண்டும். அவசரப்பட்ட கையும் செலவைக் குறைத்த கையும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடத்தில்தான்.

சென்னையைப் பொறுத்தவரை இதற்குச் சரியான உதாரணம் பி. ஓர் அண்ட் சன்ஸ். இன்று கைக்கடிகாரத்துக்காக அறியப்படும் இந்த நிறுவனம் 1849இல் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் வெள்ளிப் பாத்திரங்கள் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தன. தெய்வ உருவங்களைப் புடைப்பு நகாசாக எழுப்பிய பாணிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘சாமி’. 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில் பி. ஓர் நிறுவனத்தின் சாமி வேலைப்பாட்டு டீ செட்டும் ஒன்று. அந்த டீ செட்டுகளின் வடிவம் இங்கிலாந்தினுடையது. உளி பிடித்த கை நம் ஊர் ஆசாரியுடையது. கோயில் கவசத்திலும் வாகனத்திலும் பழகிய கை, தேநீர் ஊற்றும் பாத்திரத்தின் வயிற்றில் தெய்வங்களை வரிசையாக நிறுத்தியது. வாங்கியவர்களில் பலர் தாயகம் திரும்பிய வெள்ளைக்காரர்கள். அதனால்தான் நல்ல சாமி வெள்ளியில் பெரும்பங்கு இன்று வெளிநாட்டுச் சேகரிப்புகளில் இருக்கிறது.

இவ்வளவு அருமையான நகாசு கண்முன் இருக்கும்போது பிடியை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நகாசுதான் கலை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கண் முதலில் போகிற இடம் அதுதான் என்பதால், போலி செய்பவரும் தன் உழைப்பை அங்கேதான் கொட்டுவார். முத்திரை இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தை அரசு ஏற்ற சோதனைச் சாலைகள் உரசிப் பார்த்து முத்திரை குத்தின. ஆயிரத்துக்கு 925 பங்கு என்பது அங்கே சட்டம். ஆங்கிலேயர் கால இந்தியாவில் அப்படி ஒரு கட்டாய ஏற்பாடு இல்லை. கடைக்காரர் தன் பெயரைத் தானே குத்திக்கொண்டார். அந்தப் பெயர் கடையைச் சொல்லும். வெள்ளியின் தரத்தைச் சொல்லாது, மூடியும் உடலும் ஒரே நாளில் பிறந்தவையா என்பதையும் சொல்லாது. பிடியோ ஒளிக்காது. வளையம் உடைந்த இடத்தில் யாரோ வெள்ளித் துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தால், அந்தப் பாத்திரம் அலமாரியில் அழகாக நிற்கும். தேநீர் ஊற்ற முடியாது. வளையம் பழுத்து, ஆணி முனை தேய்ந்து, பிடியின் உட்புறம் கைபட்டு மழமழவென்று இருந்தால், அது பல காலம் புழங்கிய பாத்திரம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்த வளையம் யானையின் உடலிலிருந்து வந்தது. இந்தியாவில் யானைத் தந்த வணிகம் 1986 முதல் தடைசெய்யப்பட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. என் பதில் தெளிவானது: தந்த வளையம் என்று தெரிந்தால் எவ்வளவு அழகான டீபாட்டானாலும் வாங்க வேண்டாம். அதைப் பார்த்துப் படிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. எலும்பு வளையமும் மரப்பிடியும் கொண்டவை வீட்டுக்குப் போதும். வித்தியாசம் அறியப் பூதக்கண்ணாடி வேண்டும். எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய தடங்கள் கரும்புள்ளிகளாகவோ சிறு கோடுகளாகவோ தெரியும். தந்தத்தில் அவை இருக்காது. குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பொருள் வடுப்படும், வளையம் செல்லுலாய்டாக இருந்தால் தீப்பற்றும். இன்னொரு சட்டமும் நினைவில் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்பவர்கள் முதலில் வயதைக் கணக்கிட வேண்டும்.

ஐயப்பன்தாங்கலில் இருக்கும் வாசகருக்குச் சாமி வெள்ளியால் என்ன பயன்? பயன் உண்டு. பரங்கிமலையில் பீரங்கிப் படை இருந்தது. பூந்தமல்லியில் ஆங்கிலேயப் படைவீரர்களுக்கான முகாம் இருந்தது. இரண்டையும் இணைத்த சாலையில்தான் இந்த ஊர் இருக்கிறது. மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுச் செல்வது அந்தக் கால வழக்கம். இன்றோ தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறும்போது ஷோகேஸில் இருந்த கப் அண்ட் சாசர்களுக்குப் புது வீட்டில் இடமில்லாமல் போகிறது. அவை காயலாங்கடைக்குப் போகின்றன. குன்றத்தூர் வழியாகப் போனால் எட்டிவிடும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழம்பொருள்கள் விரிகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் எதிர்பார்க்க வேண்டியது சுத்த வெள்ளியை அல்ல, ‘இபிஎன்எஸ்’ என்று குத்திய பாத்திரங்களை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகத்தின்மேல் மின்முலாமாக ஏற்றிய வெள்ளி அது. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற முறை. இவற்றில் பலவற்றில் தந்த வளையத்தின் இடத்தை மரமோ பேக்கலைட்டோ பிடித்துக்கொண்டது. பிடி ஆடுகிறதா, ஆணி பழையதா என்று பாருங்கள். பீங்கான் கோப்பைக்கும் இதுவே விதி. அதன் பிடியைத் தனியாகச் செய்து, களிமண் கூழால் ஒட்டிச் சுடுகிறார்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நகத்தால் வருடுங்கள், விளிம்பில் மெல்லச் சுண்டுங்கள். கிண்ணென்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் எங்கோ முறிவு இருக்கிறது. பொன்கோடு கொஞ்சம் மங்கியிருந்தாலும் பிடிகள் உறுதியாக இருக்கும் ஆறு கோப்பைகளே, பளபளத்து ஒன்று மட்டும் ஒட்டுப்போட்ட ஆறைவிட மேல். டீ செட் பிறந்தது தேநீர் பரிமாற. அந்த வேலைக்கு இன்னும் தகுதியாக இருப்பதே அதன் முதல் மதிப்பு.

முத்திரைகளுக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் கோப்பையைக் கவிழ்த்துவிடுவோம். 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவான வடிவங்களின் அடியில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் அந்த வடிவம் பதிவான நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சொல்லிவிடும். ஆண்டெழுத்துகள் அகர வரிசையில் வராது: 1842க்கு எக்ஸ், 1843க்கு எச், 1844க்கு சி. அந்தப் பூட்டுக்கான சாவியோடு வருகிறேன். அதுவரை, வீட்டு அலமாரியில் இருக்கும் கோப்பைகளின் பிடிகளை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்து வையுங்கள்.